பாலம் ஏறும் முன் ஒரு நாள்: செபராங் ஜெயாவில் பார்க்க, சாப்பிட, வந்துபோக

செபராங் ஜெயா: கடந்த பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து என் சித்தி குடும்பம் வந்து எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கியது. மூன்று நாளும் காலையில் பாலம் ஏறித் தீவுக்குப் போனார்கள். இரவில் பாலம் இறங்கி வந்து படுத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது சித்தி அம்மாவிடம், "ஏன்க்கா, இந்தப் பக்கம் பார்க்க ஒன்னுமே இல்லையா?" என்று கேட்டார். நாற்பது ஆண்டாக இங்கேயே இருக்கும் அம்மாவும், "இங்க என்ன இருக்கு, எல்லாம் அந்தப் பக்கம்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

செபராங் பிறை வாசிகளில் பாதிப் பேர் இதே பதிலைத்தான் சொல்வார்கள். மருத்துவமனையில் இருக்கும் உறவினரைப் பார்க்க, திருமணத்துக்கு, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க என்று இங்கு வந்து, கையில் ஒரு நாளோ அரை நாளோ மிச்சம் வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்காகவும், அவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு எங்கே அழைத்துப் போவது என்று விழிப்பவர்களுக்காகவும் இந்தத் தொகுப்பு.

மீன் பெயரில் தெருக்கள்

பினாங்கு மாநிலம் என்றால் தீவு மட்டுமல்ல. கெடா சுல்தான் 1800ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்த நிலப்பகுதிதான் அன்று புரோவின்ஸ் வெல்லஸ்லி, இன்று செபராங் பிறை. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் இது மாநகர் தகுதி பெற்றது. இதன் நடுவில், பினாங்குப் பாலத்தின் அடிவாரத்தில், பினாங்கு வளர்ச்சிக் கழகம் 1970களில் உருவாக்கிய புதுநகர் செபராங் ஜெயா.

திட்டமிட்டுக் கட்டிய நகர் என்பதால் பழைய கடைவீதி, பழைய கட்டடம் என்று எதையும் இங்கு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தெருப் பெயர்ப் பலகைகளைக் கவனியுங்கள். லெபோ தெங்கிரி, ஜாலான் தோடாக், ஜாலான் தூனா. பக்கத்துச் சாய் லெங் பார்க்கில் லெபோ குராவ். எல்லாம் கடல் மீன்கள். தெங்கிரி நம் வஞ்சிரம், தூனா சூரை, குராவ் காலா மீன், தோடாக் ஊசிபோல் நீண்ட மூக்குள்ள மீன். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்கள் காரில் போகும்போதே இதை ஒரு விளையாட்டாக்கலாம். எங்கள் வீட்டில் முகவரி சொல்வதே மீன் சந்தையில் பேசுவது போலத்தான் இருக்கும்.

பறவைப் பூங்கா

ஜாலான் தோடாக்கில் உள்ள பினாங்குப் பறவைப் பூங்கா 1988இல் திறக்கப்பட்டது. மலேசியாவில் பறவைகளுக்கென்றே அமைந்த முதல் பூங்கா இதுதான். சுமார் 5 ஏக்கர் பரப்பு. பெரிய வலைக் கூடாரங்களுக்குள் நாமே நடந்து போகலாம். இருவாட்சி, கிளி, நாரை, மயில் எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கும். தாமரைக் குளங்களும் செடி கொடிகளும் உண்டு.

தீவில் உள்ள புதிய கேளிக்கை மையங்களைப் போல் பளபளப்பாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். வயதான பூங்கா, அது பார்த்தாலே தெரியும். ஆனாலும் செபராங் பிறையில் படித்த எவரைக் கேட்டாலும், ஆரம்பப் பள்ளியில் பேருந்தில் வரிசையாக உட்கார்ந்து இங்கு வந்த கதை ஒன்று வைத்திருப்பார். ஆள் வருகை இருந்தால்தான் இப்படிப்பட்ட இடங்கள் நிலைக்கும். காலை பத்து மணிக்குள் போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் பறவைகளும் நிழலில் ஒதுங்கிவிடும், பிள்ளைகளும் சிணுங்கத் தொடங்குவார்கள். ஒன்றரை மணி நேரம் போதும். கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் முன் ஒருமுறை தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூங்காவிலிருந்து சில நிமிடக் கார் தூரத்தில், பிறை - செபராங் ஜெயா வட்டாரத்தின் அடையாளமாக நிற்கும் உயர்ந்த ராஜகோபுரம் அருள்மிகு கருமாரியம்மன் ஆலயத்துடையது. சனி, ஞாயிறு, வெள்ளிகளில் கூட்டம் இருக்கும். எல்லா ஆலயங்களையும் போல் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், முதலில் கோயில், பிறகு பூங்கா, பிறகு சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் வெயிலும் மிச்சம், நேரமும் மிச்சம்.

சாப்பாடு

நாசி கண்டார் சாப்பிடத் தீவுக்குத்தான் போக வேண்டும் என்பது இன்னொரு நம்பிக்கை. கேம்பல் ஸ்திரீட்டில் 1907 முதல் இருக்கும் ஹமீடியாவின் பெருமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இன்று நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் பெலித்தா நாசி கண்டார் தொடங்கிய இடம் தீவல்ல, செபராங் ஜெயாவுக்கு அடுத்த சாய் லெங் பார்க்.

பெயர்க் காரணம் தெரியாத இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றுப் பானையை ஒரு முனையிலும் கறிப் பானையை மறுமுனையிலும் தொங்கவிட்டு, காவடி போல் தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். அந்தத் தோள் சுமைக்கு மலாயில் கண்டார். சுமந்தவர்கள் போய்விட்டார்கள், பெயர் தங்கிவிட்டது. கடையில் 'குவா பாஞ்சிர்' என்று சொன்னால் நாலைந்து குழம்பையும் கலந்து சோறு மூழ்கும் அளவுக்கு ஊற்றுவார்கள். உண்மையில் இந்தச் சாப்பாட்டின் ருசியே அந்தக் கலவையில்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பெரிய இறால், மீன் முட்டை, கணவாய் இவற்றைக் கை காட்டும் முன் விலையைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கேட்காமல் போய்க் கல்லாவில் முகம் மாறியவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருத்தி.

சாய் லெங் பார்க்கும் பட்டர்வொர்த் நகரும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் காலைப் பலகாரத்துக்கும் ஏற்ற இடங்கள். இட்லி, தோசை, ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் காலை ஆறரைக்கே கிடைக்கும். சைவம் மட்டும் உண்பவர்கள் 'சைவ உணவகம்' என்று பலகை போட்ட கடைகளையே தேடுவது நிம்மதி. மற்ற இடங்களில் ஒரே கரண்டி எல்லாப் பாத்திரத்துக்கும் போகும். சீன ஒட்டுக்கடை உணவு வேண்டுமானால் மாலைக்குமேல் பட்டர்வொர்த்தின் ராஜா ஊடா சாலை. மழை நாளில் குழந்தைகளோடு மாட்டிக்கொண்டால் சன்வே கார்னிவல் பேரங்காடி இருக்கிறது. 2007இல் திறந்து, 2022இல் விரிவாக்கப்பட்டது. அதைப் பற்றி நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்

அரை நாளுக்குமேல் நேரம் உள்ளவர்களை நான் முதலில் அனுப்புவது புக்கிட் மெர்தாஜாமுக்குத்தான். செபராங் ஜெயாவிலிருந்து காரில் இருபது நிமிடம், நெரிசலில் நாற்பது.

அங்குள்ள செயின்ட் ஆன் தேவாலயம் கத்தோலிக்கர்களுக்கு மட்டுமான இடமாக இருந்ததே இல்லை. ஜூலை 26ஐ ஒட்டி நடக்கும் அன்னம்மாள் திருவிழாவுக்கு இந்துக்களும் பௌத்தர்களும் மெழுகுவத்தியோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். மலையடிவாரத்தில் இருக்கும் பழைய தேவாலயம் 1888இல் கட்டப்பட்டது. எதிரே உள்ள பெரிய புதிய ஆலயம் 2002இல் எழுந்தது. 2019இல் வத்திக்கான் இதற்கு பசிலிக்கா தகுதி அளித்தது. திருவிழா நாள்களில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அமைதியாகப் பார்க்க விரும்புபவர்கள் சாதாரண வார நாளில் போகவும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வளாகத்திலேயே இருக்கும் ஒரு கல்லைப் பற்றி. சேரோக் தோக்குன் கல்வெட்டு. வேலியிட்டு வைத்திருக்கும் ஒரு பெரிய பாறை, அதன் மேல் மழையும் வெயிலும் தேய்த்த எழுத்துகள். கர்னல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி 1845இல் இதைப் பதிவு செய்தார். எழுத்து பல்லவ எழுத்து வகை. சுமார் 1,500 ஆண்டுப் பழமை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

இதைப் 'பினாங்கில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு' என்று முகநூலில் பகிர்பவர்கள் உண்டு. தமிழ் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது சரியல்ல. மொழி சமஸ்கிருதம். எழுத்துதான் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தது. பெருமைக்காகப் பொய் சேர்க்கத் தேவையில்லை. உள்ளதே போதுமான ஆச்சரியம். கிழக்குப் பக்கமாகக் கப்பலில் வந்தவர்கள் இங்கு இறங்கி, கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு வரை வணிகம் செய்த காலத்தின் சாட்சி அது. இதே ஜேம்ஸ் லோ 1834இல் வடக்கு வட்டாரத்தில் கண்டெடுத்த இன்னொரு கல்லில், 'மகாநாவிகன்' புத்தகுப்தன் என்ற பெயரும் ஒரு தூபியின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாறையாக இருந்ததால் இந்தக் கல்லாவது நம்மிடம் மிஞ்சியது.

நான் கடைசியாகப் போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். கல்லின் பக்கம் ஒரு தாத்தாவும் பேரனும் மட்டும். பேரன் "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். தாத்தா மூக்குக் கண்ணாடியை ஏற்றி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நமக்குப் படிக்கத் தெரியலடா" என்றார்.

அருகிலேயே சேரோக் தோக்குன் பொழுதுபோக்கு வனம். ஓடை, நடைபாதை, நன்கு வயதான பெரிய மரங்கள். வாரக் கடைசியில் குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். மழைக்குப் பின் பாதை வழுக்கும்.

வடக்கே கடல், தெற்கே தோட்டம்

பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் பாகான் ஆஜாம், தெலுக் ஆயர் தாவார், பெனாகா. குளிக்கும் கடற்கரை அல்ல, சேற்று நிலம். ஆனால் ஆண்டுக் கடைசி மாதங்களில் வடதுருவப் பக்கமிருந்து வரும் வலசைப் பறவைகள் இந்தச் சேற்றில்தான் இரை தேடும். தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரையிலான கரை, அனைத்துலக அளவில் முக்கியப் பறவை வாழிடமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. தொலைநோக்கி இருந்தால் கொண்டு போங்கள்.

கோலா மூடாவில் 'பாசார் பிசிக்' எனப்படும் ரகசியச் சந்தை நடக்கும். மீன் வாங்குபவர் தன் விலையை விற்பவர் காதில் மெல்லச் சொல்வார். யார் எவ்வளவு சொன்னார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. கூடுதலாகச் சொன்னவருக்கு மீன் போகும். ஏலம் என்றாலே கூச்சல் என்று பழகிய நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். படகுகள் கரை சேரும் நேரத்தைப் பொறுத்தது என்பதால் முற்பகலில் போய்க் காத்திருக்க வேண்டும். பெனாகா பக்கமுள்ள குவார் கெப்பாவில் 2017 ஏப்ரலில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. சுமார் 5,700 ஆண்டுப் பழையது என்று கணிக்கப்பட்டு, 'பினாங்குப் பெண்' என்று பெயர் பெற்றது. கிளிஞ்சல் தின்று, ஓட்டை மேடாகக் குவித்து, அந்த மேட்டிலேயே இறந்தவர்களைப் புதைத்த மக்கள் வாழ்ந்த இடம் அது.

தெற்கே போனால் கதை நம்முடையது. 19ஆம் நூற்றாண்டில் புரோவின்ஸ் வெல்லஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறினார்கள். பின்னர் கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்த் தொழிற்பேட்டையும் வீடமைப்பும் வந்துவிட்டன. இன்று பத்து காவானுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 2019இல் திறந்த ஐக்கியா கடைக்கோ, டிசைன் வில்லேஜ் தள்ளுபடி அங்காடிக்கோதான் போகிறார்கள். தவறில்லை. ஆனால் வழியில் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துப் பாருங்கள். பத்து காவான் தோட்டம், பைராம் தோட்டம், திரான்ஸ்கிரியான் தோட்டம், வால்டோர் தோட்டம். வடக்கே மலாக்கோப், மேபீல்ட். தோட்டம் சுருங்கினாலும் மறைந்தாலும் பெயரைப் பள்ளி சுமந்துகொண்டிருக்கிறது. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இந்தப் பலகைகள் இல்லை.

நிபோங் திபாலில் உள்ள '99 கதவு மாளிகை' அந்தத் தோட்ட முதலாளிகளின் மிச்சம். பேய் வீடு என்று சொல்லி இளைஞர்கள் இரவில் போகிறார்கள். இடிந்துவரும் கட்டடம், தனியார் நிலம். அனுமதியின்றி நுழைய வேண்டாம்.

பத்து காவானின் பத்து மூசாங் படகுத்துறையிலிருந்து பூலாவ் அமானுக்குப் படகு உண்டு. சின்னத் தீவு, காலாற நடந்தே சுற்றிவிடலாம். இறால் மீ இங்கே பிரபலம். நூறு ஆண்டைக் கடந்த ஈரப்பலா மரம் ஒன்றும் நிற்கிறது. ஏறும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள்.

வந்துபோக, தங்க, அவசரத்துக்கு

கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் வந்தால் பட்டர்வொர்த் நிலையத்தில் இறங்க வேண்டும். பாடாங் பெசார் பக்கமிருந்து கொமுட்டர் ரயில் வருகிறது. ரயில் நிலையம், விரைவுப் பேருந்து நிலையம், ஃபெரி துறை மூன்றையும் 2018 நவம்பரில் திறந்த பினாங்கு சென்ட்ரல் இணைக்கிறது. மழையில் நனையாமல் நடக்கலாம். அங்கிருந்து செபராங் ஜெயாவுக்கு ரேபிட் பினாங்கு பேருந்து உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் காத்திருக்கும் நேரம் நீளும் என்பதால் முதியவர்களோடு வருகிறவர்கள் கிராப் அழைப்பதே நல்லது. உண்மையில் இந்தக் கட்டுரையில் சொன்ன பாதி இடங்களுக்குச் சொந்தக் கார் இல்லாமல் போவது சிரமம். இதுதான் பெருநிலத்தின் பெரிய குறை.

தங்குவதற்கு லெபோ தெங்கிரி பகுதியில் நடுத்தர, உயர்தர விடுதிகள் சில உள்ளன. தீவின் கடற்கரை விடுதிகளைவிட வாடகை பொதுவாகக் குறைவு. பள்ளி விடுமுறையிலும் தைப்பூசத்தின்போதும் முன்பதிவு செய்யாமல் வரவேண்டாம்.

மருத்துவ அவசரத்துக்கு ஜாலான் துன் ஹுசேன் ஓனில் அரசாங்கத்தின் செபராங் ஜெயா மருத்துவமனை இருக்கிறது. 2022 முதல் சன்வே தனியார் மருத்துவமனையும் இங்கு இயங்குகிறது. அவசர எண் எங்கும் போல 999. நோயாளியோடு துணைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம், மருந்தகம் மூன்றுமே சில நிமிடத் தூரத்தில் கிடைப்பது இந்த ஊரின் சொல்லப்படாத வசதி.

தீவுக்கும் போகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு: பினாங்குப் பாலம் 1985 செப்டம்பரில் திறந்தது, 13.5 கிலோமீட்டர். சாலைக் கட்டணம் தீவுக்குப் போகும் திசையில் மட்டும். 2020 பிப்ரவரியில் காருக்கு 7 வெள்ளியிலிருந்து 5 வெள்ளி 74 காசாகக் குறைந்தது. மோட்டார் சைக்கிள்களுக்கு 2019 ஜனவரி முதல் கட்டணம் இல்லை. 'டச் என் கோ' அட்டையில் பணம் இருக்கிறதா என்று பாலத்துக்கு முன்பே பாருங்கள். காலை ஏழு முதல் ஒன்பது வரையும் மாலை ஐந்து முதல் ஏழரை வரையும் பாலத்தைத் தவிர்த்தால் மனம் கெடாது. பத்து காவான் பக்கம் தங்குபவர்களுக்கு 2014 மார்ச்சில் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் வசதி.

பாலத்தில் தீவை நோக்கிப் போகும்போது இடப்பக்கம் காடாகத் தெரியும் தீவு பூலாவ் ஜெரெஜாக். தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த தொழிலாளர்களை நோய்ப் பரிசோதனைக்காகத் தனிமைப்படுத்தி வைத்த இடம். நம் கொள்ளுத் தாத்தா, பாட்டிகள் பலர் மலாயா மண்ணில் முதல் சில நாள்களைக் கழித்தது அங்கேதான். அங்கிருந்து வெளியே வந்தவர்களில் பலர், நாம் இப்போது போகும் திசைக்கு எதிர்த் திசையில் நீரிணையைக் கடந்து, இந்தக் கரையின் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

காரில்லாமல் கடக்க நினைப்பவர்களுக்கு ஃபெரி. இரண்டு தட்டுப் பழைய ஃபெரிகள் 2020ஆம் ஆண்டின் கடைசி நாளோடு ஓய்வு பெற்றன. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய படகுகள் வந்தன. நடந்து வருபவர்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறலாம், கார் ஏறாது. பயணம் ஏறக்குறைய கால் மணி நேரம். பழைய ஃபெரியின் திறந்த தளத்தில் நின்று காற்று வாங்கியவர்களுக்குக் குளிரூட்டிய புதிய படகு ஏமாற்றமாக இருக்கலாம், எனக்கு இருந்தது. முதியவர்களுக்கு இதுவே சௌகரியம் என்று அம்மா சொல்கிறார்.

சித்தி தைப்பூசத்துக்கு மறுபடி வருகிறார். ஒரு நாளைக்கு மட்டும் காரை என்னிடம் விடச் சொல்லியிருக்கிறேன். காலையில் கருமாரியம்மன், பிறகு பறவைப் பூங்கா, சாய் லெங் பார்க்கில் சாப்பாடு, மாலை புக்கிட் மெர்தாஜாம். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடத்தில் அவரும் அந்தக் கல்லைப் பார்த்ததில்லையாம்.